இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், அடுத்தவர் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது என்று சொல்லிவிடுவேன். கேட்டவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

விவரமாகச் சொன்னால் இதுதான். ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு நோயாளிகள் கையால் எழுதி அனுப்பும் படிவங்கள் ஸ்கேன் ஆகி என் வீட்டுக் கணினிக்கு வரும். அவற்றைப் பார்த்து நான் தட்டச்சு செய்ய வேண்டும். தேதி இல்லை, ரசீது இல்லை, கையொப்பம் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்றால் திரையின் வலது மூலையில் 'ரிட்டர்ன்' என்று ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் படிவம் வந்த வழியே போய்விடும். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது படிவம் முடிப்பேன். அதில் குறைந்தது இருபது ரிட்டர்ன் ஆகும். ஆறு வருடத்தில் எத்தனை பேருடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேனோ! அதெல்லாம் ஒன்று சேர்ந்துதான் விசாச் சிக்கல் ரூபத்தில் வந்திருக்கிறது என்று என் மனைவி போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி நர்ஸ். வேறொரு நாட்டில், ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருடமாக வேலை செய்கிறாள். அவளுடைய ஒப்பந்தப்படி குழந்தையை உடன் அழைத்துப் போகலாம், கணவனை அழைத்துப் போகக் கூடாது. எந்தப் புண்ணியவான் எழுதிய விதியோ தெரியாது. மூன்று வயதில் விமானம் ஏறிய என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவர்கள் வீட்டு வாசல் சுவரில் மூன்று கொக்கிகள் இருக்கின்றன. ஒன்றில் அவளுடைய மழைக்கோட்டு, ஒன்றில் அம்மாவுடையது. மூன்றாவது காலி. வீட்டுக்கு யார் வந்தாலும், "அது எங்க அப்பாவோடது, அதுல பை மாட்டாதீங்க" என்று விரட்டுகிறாளாம்.

அந்தக் கொக்கிக்குப் போய்ச் சேர எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. எங்கிருந்தும் வேலை பார்க்கக்கூடியவர்களுக்கு என்று அந்த நாடு ஒரு விசா தருகிறது. ஒரே நிறுவனத்தில் குறைந்தது ஒரு வருடம் விட்டுப்போகாமல் வேலை செய்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் சில்லறை என்று நினைத்தேன். சில்லறைதான் என் கழுத்தைப் பிடித்தது.

இங்கே வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். மாமனார் பேருந்து நிலையத்தில் முன்பதிவுக் கவுண்ட்டரில் முப்பது வருடம் உட்கார்ந்தவர். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி, 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறி, இரண்டு ஆண்கள். சண்டை போட்டால் சமாதானம் செய்து வைக்கக்கூட மூன்றாவது ஆள் கிடையாது. அதனாலேயே நாங்கள் சண்டை போட்டதில்லை.

விண்ணப்பம் போட்ட மூன்றாம் நாள் முதல் கடிதம் வந்தது. என் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். சரி. என் டீம் லீடரை நான் பார்த்ததே இல்லை. அரட்டைப் பெட்டியில் அவருடைய படத்துக்குப் பதில் ஒரு சூரியகாந்திப் பூ இருக்கும். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நாங்கள் வீட்டில் சூரியகாந்தி என்றே சொல்லுவோம். சூரியகாந்தி ஒரே நாளில் கடிதம் அனுப்பிவிட்டது; கீழே கம்பெனி முத்திரை மட்டும், பெயர் அதிலும் இல்லை.

இரண்டாவது கடிதம்: விண்ணப்பத்தில் 'கடந்த இரண்டு ஆண்டுகளில் மருத்துவமனையில் தங்கியதுண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருக்கிறீர்கள், மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கை வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் குடல்வால் வெடித்து, பதினோரு நாள் படுத்திருந்தேன். யோக்கியனாக உண்மையைக் குறித்திருந்தேன். அறிக்கையையும் அனுப்பினேன்.

மூன்றாவது கடிதம்தான் ஏழரை. கடந்த ஒரு வருடத்தில் நாள்தோறும் நான் செய்த வேலையின் பதிவேடு வேண்டும். எந்த நாளில் எத்தனை மணிக்கு எத்தனை படிவம் என்று. விசா அலுவலகத்தின் தேவைப் பட்டியலில் இப்படி ஒன்று இல்லவே இல்லை. சூரியகாந்தியிடம் கேட்டேன். பத்தே நிமிடத்தில் நாற்பது பக்கம் வந்து விழுந்தது. கூடவே, 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று எனக்குக் கொடுத்த சான்றிதழையும் இணைத்து, 'இதையும் போடுங்கள், உதவும்' என்று எழுதியிருந்தது. நல்ல மனசு. நாற்பது பக்கத்தை எவன் படிப்பான்? அப்படியே ஏற்றிவிட்டேன்.

விசா அலுவலகத்தில் ஒருவன் படித்திருக்கிறான்.

நான்காவது கடிதம் ஒரு புதன்கிழமை காலை வந்தது. பல் தேய்த்துக்கொண்டே கைப்பேசியில் படித்தேன். 'மருத்துவமனை அறிக்கைப்படி ஒன்பதாம் தேதி முதல் பத்தொன்பதாம் தேதி வரை நீங்கள் உள்நோயாளி. பதிவேட்டின்படி அந்தப் பதினோரு நாளும் வேலை செய்திருக்கிறீர்கள். குறிப்பாக ஒன்பதாம் தேதி காலை 9.40 முதல் பிற்பகல் 2.15 வரை உங்களுக்கு அறுவைச் சிகிச்சை. அதே நேரத்தில் 118 படிவங்கள் முடிக்கப்பட்டுள்ளன. பத்து நாட்களுக்குள் ஆவணங்களுடன் விளக்கவும்.'

வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். 

இதில் நான் செய்த தவறு என்ன என்று சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு நாளும் என் வேலையை மாமனார் செய்தார். அது எனக்குத் தெரியும். தொடர்ந்து மூன்று நாள் படிவம் எதுவும் முடிக்காவிட்டால் எங்கள் ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகிவிடும். பிறகு புதிதாகச் சேர்ந்து, விசாவுக்கு வேண்டிய ஒரு வருடத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். அதனால் அவர் உட்கார்ந்தார். நான் வீடு திரும்பிய பிறகும் எழுந்திருக்கவில்லை. காலை ஆறிலிருந்து எட்டுவரை அவர், பிறகு நான் என்று வழக்கமாகிவிட்டது. கம்பெனிக்கு ஒரு ஆள், வீட்டுக்கு இரண்டு ஆள். கறிகாய் நறுக்குவதும் துணி காயப்போடுவதும் மாதிரி அதுவும் ஒரு வீட்டு வேலை. இன்னொருவர் என் பெயரில் உட்காருகிறார் என்ற நினைப்பே எங்கள் இரண்டு பேருக்கும் வந்ததில்லை. நாற்பது பக்கத்தை ஏற்றும்போதும் வரவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டுப் பதிவேட்டில் அந்த மாதத்துப் பக்கத்தைத் திறந்தேன். ஒன்பதாம் தேதி: 212 படிவங்கள். வருடத்திலேயே அதிகம். சிறந்த ஊழியர் சான்றிதழ் அந்த எண்ணிக்கைக்குத்தான் கிடைத்திருக்கிறது. ரிட்டர்ன் கட்டத்தில் பூஜ்யம். பத்தாம் தேதி, பூஜ்யம். பதினொன்று, பன்னிரண்டு, பத்தொன்பது வரைக்கும் பூஜ்யம், பூஜ்யம். இருபதாம் தேதி நான் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன்: ரிட்டர்ன் பதினேழு. கண் இருக்கிற எவனும் பார்த்தவுடன் சொல்லிவிடுவான், அந்தப் பதினோரு நாள் நாற்காலியில் இருந்தது வேறு மனுஷன் என்று.

மாமனார் ரிட்டர்ன் பொத்தானை அழுத்த மாட்டார். கவுண்ட்டர் பழக்கம். "தேதி போட மறந்துட்டாங்க மாப்ள, பாவம். டாக்டர் சீட்டுல தேதி இருக்கு பாருங்க, அதைப் போட்டுட்டேன்" என்பார். கண்ணாடியைத் திரையில் ஒட்டிக்கொண்டு தேடுவார். வரிசையில் நிற்கிறவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், 118 என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாமா, ஒம்பதாம் தேதி நீங்க ஆபரேஷன் தியேட்டர் வாசல்லதானே இருந்தீங்க?"

"எட்டரைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு பஸ் புடிச்சு வந்துட்டேன்."

"நான் கண்ணு முழிக்கும்போது பக்கத்துல நின்னீங்களே!"

"சாயங்காலம் திரும்பி வந்தேன்." கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "வாசல்ல உக்காந்து நான் என்னத்தக் கிழிக்கப் போறேன் மாப்ள? உள்ள டாக்டர் அவர் வேலையைப் பாக்கறார். வெளிய நான் உங்க வேலையைப் பாத்தேன். கை சும்மா இருந்தா நடுங்குச்சு. அடிச்சுக்கிட்டே இருந்தேன். எத்தனைன்னு எண்ணல."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது போதுமே, இருநூற்றுப் பன்னிரண்டு எதற்கு என்று கத்த வாய் திறந்தேன். அவர் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நான் கண் விழித்த அன்றும் அப்படித்தான் இருந்தது. நாள் முழுக்க வாசலில் அழுதுகொண்டிருந்தார் போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

படுக்கையிலிருந்தபடியே மடிக்கணினியில் வேலை செய்தேன் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காகிதம் வாங்க மருத்துவமனைக்குப் போனேன். ஆவணக் காப்பு அறை அடித்தளத்தில், சலவைக் கூடத்துக்கு அடுத்தது. மூன்று ஜன்னல்களில் இரண்டு மூடியிருந்தன. திறந்திருந்த ஒன்றில் இருந்த குமாஸ்தா அம்மா நாடா கட்டிய கோப்புகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். என் கோப்பைத் தேட ஒன்றரை மணி நேரம் ஆனது.

"வார்டுல லேப்டாப்புக்குத் தடை இல்லைன்னு விதிமுறைக் காகிதம் இருக்கு. அதுல முத்திரை வச்சுத் தரேன்" என்றார். அவ்வளவு எளிதாக ஒரு காகிதம் கிடைத்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. துணிந்து அடுத்ததைக் கேட்டேன்.

"ஆபரேஷன் அன்னிக்கும் வேலை பாத்தேன்னு..."

அவர் கோப்பைப் புரட்டினார். "மயக்க மருந்து குடுத்தது ஒம்பது நாப்பது. அதுக்கப்புறமா டைப் அடிச்சீங்க?"

"கொஞ்சம்."

"உங்களை டிஸ்சார்ஜ் பண்ணியிருக்கவே கூடாது. கண்ணாடிப் பெட்டியில வச்சு டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டியிருக்கணும்." முத்திரையை எடுத்துக் காகிதத்தில் குத்தி என் பக்கம் தள்ளினார். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறு என்ன செய்வது?

நாளுக்குப் பத்து மின்னஞ்சல் எழுதி அழித்தேன். விசா அலுவலகத் தொலைபேசியில் ஒரு குரல் எட்டு எண்களை அழுத்தச் சொல்லிவிட்டு, கடைசியில் 'உங்கள் கேள்விக்கான பதில் எங்கள் இணையதளத்தில் உள்ளது' என்றது. இணையதளத்தில் போய்ப் பார்த்தால், சந்தேகமிருந்தால் தொலைபேசியில் கேட்கச் சொன்னது. கேட்பதற்கு ஒரு முகம் இல்லை. காலில் விழலாம் என்றால் கால் இல்லை.

ஏழாம் நாள் மனைவி இரவுப் பணி முடிந்து, சீருடையோடே அழைத்தாள். மாமனாரும் நானும் கைப்பேசிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"அப்பா, தியேட்டர் வாசல்ல இருக்கேன்னு அன்னிக்கு எங்கிட்ட போன்ல சொன்னீங்க."

"ஆமாம்மா."

"பின்னாடி டக் டக்னு கேட்டுச்சு. ஆஸ்பத்திரி ஃபேனுன்னு நெனச்சேன். நம்ம வீட்டு ஃபேன்தானே?"

மாமனார் அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறி அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, விடுங்க. ஏங்க, பொய் மட்டும் எழுதிடாதீங்க. இங்க ஒருத்தங்க பொய்க் காகிதம் குடுத்து மாட்டிக்கிட்டாங்க, அஞ்சு வருஷம் தடை போட்டுட்டாங்க. அஞ்சு வருஷம்னா இவளுக்குப் பத்து வயசு ஆயிடும்."

"உண்மையை எழுதினா வேலை போயிடும். வேலை போனா விசா ஏது?"

"தெரியலைங்க" என்றாள் அவள். எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருப்பவள் என் மனைவி. அவள் வாயிலிருந்து 'தெரியலை' வந்து நான் கேட்டதே இல்லை.

மாமனார்தான் பேசினார். "வேலை எப்படி மாப்ள போகும்? விசா ஆபீஸ் வேற, உங்க கம்பெனி வேற. இவங்க விஷயம் அவங்களுக்கு எதுக்கு? கேட்டாங்க, சொல்லிட்டோம். முப்பது வருஷம் கவுண்ட்டர்ல இருந்தவன் சொல்றேன், எதிர்ல நிக்கிறவன் உண்மையைச் சொன்னா உள்ள இருக்கறவனுக்கு மனசு வராது. என் மேல போட்டுடுங்க."

திரையின் ஓரத்தில் என் மகள் ஒரு கால் செருப்போடு ஓடி வந்து, "தாத்தா மேல என்ன போடப் போறீங்க?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. நான் முடிவெடுத்தேன் என்று சொல்ல முடியாது.

அன்று மதியம் மாமனார் கோடு போட்ட தாளில் மூன்று முறை எழுதிப் பார்த்து, நான்காவது முறை நல்ல பிரதி எடுத்தார். 'மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா. மேற்படி பதினோரு நாட்களும் என் மருமகனின் வேலையை நான்தான் செய்தேன். அவர் சொல்லிச் செய்யவில்லை. அவர் மயக்கத்தில் இருந்தார். என்னால் வாசலில் சும்மா உட்கார முடியவில்லை, கை நடுங்கியது. செய்த வேலையில் பிழை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும், திருத்தித் தருகிறேன். என் அடையாள அட்டையின் நகல் இணைத்துள்ளேன். குழந்தை தகப்பனைத் தேடுகிறாள்.'

மொழிபெயர்த்து இணைக்க வேண்டியது நான். கை நடுங்கிய வரியையும் கடைசி வரியையும் விட்டுவிடலாமா, அலுவலகத்துக்கு எதற்கு என்று யோசித்தேன். இப்படிப்பட்ட வரிகள் படிவங்களின் ஓரத்தில் எத்தனையோ முறை எனக்கு வந்திருக்கின்றன. தட்டச்சு செய்ய அவற்றுக்குக் கட்டம் கிடையாது என்பதால் தாண்டிப் போய்விடுவேன். இரண்டையும் விடாமல் மொழிபெயர்த்தேன்.

அனுப்பிய மறுநாள் ஒரு வரி பதில் வந்தது. 'உங்கள் விளக்கம் கிடைத்தது. உறுதிப்படுத்துவதற்காக உங்கள் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

நிறுவனத்துக்குப் போயிருப்பதை மாமனாரிடம் நான் சொல்லவில்லை. கிடைத்தது என்பதை மட்டும் சொன்னேன்.

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று குதித்துக்கொண்டு எழுந்தார். பரணிலிருந்து என் பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக் கூடத்தில் இங்குமங்கும் உருட்டிப் பார்த்தார். "அங்க குளிருமே, கம்பளி ரெண்டு வாங்கணும்" என்றார். "நீங்க தனியா எப்படி மாமா இருப்பீங்க?" என்று கேட்டேன். "காலைல ரெண்டு மணி நேரம் நம்ம வேலை இருக்கே, அப்புறம் என்ன?" என்றார். நான் வேறு நாட்டிலிருந்தும் அவர் இங்கிருந்தும் ஒரே கணக்கில் உட்கார முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அதையும் நான் சொல்லவில்லை. அந்த நான்கு நாளில் நான் சொல்லாமல் விட்டவை சேர்ந்துகொண்டே போயின. சூரியகாந்தி அரட்டைப் பெட்டியில் ஒரு வார்த்தை எழுதவில்லை. படிவங்கள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. ஒரு ரிட்டர்ன்கூட என்னால் அழுத்த முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்ச அடுக்களைக்குப் போனேன். கைப்பேசியில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று கம்பெனியிலிருந்து. கணக்கை வேறொருவர் பயன்படுத்த அனுமதித்ததால் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. கீழே சூரியகாந்தியின் கையொப்பத்தில் ஒரு பெண் பெயர். ஆறு வருடத்தில் முதல் முறையாகத் தெரிந்துகொண்டேன். இன்னொன்று விசா அலுவலகத்திலிருந்து. 'உங்கள் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனினும் தற்போது நீங்கள் எந்த நிறுவனத்திலும் பணியில் இல்லை எனத் தெரியவருவதால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. உரிய ஆவணங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.'

விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. மாமனார் சொன்னது சரிதான். உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பின்னால் எண்ணெய் போட்ட பெட்டி சுவரோரம் நின்றது. எங்கள் கடவுச்சொல், பேத்தியை அவர் கூப்பிடும் செல்லப் பெயரும் அவள் பிறந்த வருடமும். ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய அடித்தார். திரை மறுத்தது. தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி மறுத்தது. மூன்றாவது முறை பெயரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தார்.

"மாப்ள, பாப்பா பேர்தானே? சரியாத்தானே அடிக்கிறேன்? உள்ள விடமாட்டேங்குதே. மாத்திட்டீங்களா?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. 

"ஆமா மாமா. மாத்திட்டேன்."

"நல்லதுதான். எல்லாத்துக்கும் ஒரே பேர வச்சுக்கக் கூடாதுன்னு டிவியில சொன்னான்." மேசை இழுப்பறையைத் திறந்து, அன்றைக்கு எழுதிப் பார்த்து மிச்சமிருந்த கோடு போட்ட தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"புதுசு என்னன்னு சொல்லுங்க, எழுதி வச்சுக்கறேன்."